இலவச அறுவை சிகிச்சை: எது வரை இலவசம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பொது மருத்துவமனைகளில் பாலின உறுதிப்பாட்டு அறுவை சிகிச்சை (தான் உணரும் பாலினத்துக்கு ஏற்ப உடலை மாற்றும் அறுவை) பெறுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். திருநங்கைகளும் திருநம்பிகளும் கட்டணமில்லாமல் இதைப் பெற முடியும் என்று பலருக்கும் புரிகிற மாதிரி எழுதியிருந்தீர்கள், நன்றி. ஆனால் கட்டுரை ஆப்பரேஷன் தியேட்டரோடு நின்றுவிட்டது. பொது மருத்துவமனை ஒன்றின் அறுவை சிகிச்சை வார்டில் செவிலியராக வேலை பார்ப்பவள் நான். தியேட்டருக்கு முன்னாலும் பின்னாலும் நடப்பதைத்தான் உங்கள் வாசகர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் முடி விஷயம். கேட்பதற்குச் சின்னதாகத்தான் தெரியும். யோனி அமைக்கும் அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் ஆண்குறியின் தோலும் விதைப்பையின் தோலும்தான் உள்சுவராக மாறுகின்றன. அந்தத் தோலில் முடி வேர் மிச்சமிருந்தால் உள்ளேயும் முடி வளரும். அழுக்கு தேங்கும், தொற்று வரும், அப்புறம் அதை எடுப்பது பெரும்பாடு. அதனால்தான் முன்கூட்டியே லேசர் அல்லது எலெக்ட்ராலிசிஸ் (ஊசி வழியாக மின்சாரம் செலுத்தி முடி வேரை அழிப்பது) மூலம் முடியை நீக்கிக்கொண்டு வரும்படி பல மருத்துவர்கள் சொல்கிறார்கள். முன்கைத் தோலை எடுத்து ஆண்குறி அமைக்கும்போதும், சிறுநீர்ப் பாதையாகப் போகிற பகுதிக்கு இதே வேலை உண்டு. எல்லா முடியும் ஒரே சமயத்தில் வளர்வதில்லை என்பதால் பல மாதம் திரும்பத் திரும்பப் போக வேண்டும். நரைத்த முடிக்கு லேசர் பலன் தராது. ஒவ்வொரு வேராக ஊசி வைத்துத்தான் எடுத்தாக வேண்டும்.

சரி, இதை எங்கே செய்துகொள்வது? பல இடங்களில் பொது மருத்துவமனை இதை அழகு சிகிச்சை என்று ஒதுக்கிவிடுகிறது. தனியாரிடம் செய்துகொண்டு வாருங்கள் என்கிறார்கள். அறுவைக்குத் தேதி கிடைத்த ஒரு பெண், முடி நீக்கத்துக்குப் பணம் புரட்ட முடியாமல் அந்தத் தேதியைக் கைவிட்டதை நான் பார்த்தேன். பதிவேட்டில் "நோயாளி வரவில்லை" என்று எழுதினார்கள். அதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. இந்தியாவில் 2019-இல் இயற்றிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, காப்பீட்டில் அடங்க வேண்டியவற்றில் அறுவை சிகிச்சை, ஹார்மோன் சிகிச்சை ஆகியவற்றோடு லேசர் சிகிச்சையையும் பெயர் சொல்லியே சேர்த்தது. அர்ஜென்டினா 2012-இல் கொண்டுவந்த சட்டத்தில், அறுவையும் ஹார்மோனும் எல்லாக் காப்பீடுகளும் கட்டாயம் தர வேண்டிய சிகிச்சைகளாக ஆயின. வயது வந்தவர்களுக்கு நீதிமன்ற அனுமதி தேவையில்லை, சிகிச்சை பெறுபவரின் ஒப்புதலே போதும். பிரேசிலின் பொது சுகாதார அமைப்பு 2008-லேயே இதைத் தொடங்கிவிட்டது. இவர் அறுவைக்குத் தகுதியானவர் என்று மனநல நிபுணர்கள் தர வேண்டிய கடிதம் என்கிற தடையும் தளர்ந்து வருகிறது. முன்பு பிறப்புறுப்பு அறுவைக்கு இரண்டு கடிதம் கேட்ட, WPATH என்கிற சர்வதேச மருத்துவ அமைப்பின் வழிகாட்டு நெறிமுறை, 2022-இல் வந்த எட்டாம் பதிப்பில் ஒன்றே போதும் என்று மாற்றிக்கொண்டது. இன்னும் இரண்டு கேட்கும் மருத்துவமனைகள் அதை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும்.

இனி, அறுவைக்குப் பிறகு. யோனி அமைத்தவருக்கு உள்ளே வைத்த பேக்கிங்கை (துணிப் பொதியை) ஏறக்குறைய ஒரு வாரத்தில் எடுப்போம். அதன் பிறகு டைலேட்டர், அதாவது பாதை சுருங்காமல் இருக்க உள்ளே செலுத்தும் உருளை வடிவக் கருவி. சின்ன அளவில் தொடங்கி, கையில் கண்ணாடியைக் கொடுத்து, எந்தக் கோணத்தில் செலுத்த வேண்டும், எப்போது மூச்சை விட வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொல்லித் தருவோம். முதல் தடவை கை நடுங்காதவரை நான் பார்த்ததில்லை. ஆரம்ப மாதங்களில் தினமும் பலமுறை செய்ய வேண்டும், போகப் போகக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் அடியோடு விட்டுவிட முடியாது. விட்டால் பாதை சுருங்கும். மறுபடி அறுவை என்றால் முதல் தடவையைவிடக் கடினம்.

கழுவுவது, துடைப்பது எல்லாம் சேர்த்து ஒவ்வொரு தடவையும் கணிசமான நேரம் போய்விடும். தாழ்ப்பாள் போட்ட ஓர் அறையும் சுத்தமான தண்ணீரும் இருந்தால்தான் இது நடக்கும். குடும்பம் வெளியே தள்ளிய ஒருவர், நாலு பேரோடு ஒரே அறையில் தங்கியிருப்பவர், எங்கே போய்ச் செய்வார்? டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரையின் பெயர் இருக்கும், இந்தக் கேள்வி இருக்காது. சில வாரங்கள் தங்கித் தேறுவதற்கு ஓர் இடம் கொடுப்பதும் சிகிச்சைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

திருநம்பிகளின் நிலையும் இப்படித்தான். ஆண்குறி அமைப்பதைப் பல கட்டமாகச் செய்கிறோம். சிறுநீர்ப் பாதையில் கசிவோ அடைப்போ வருவது அரிதல்ல. நள்ளிரவில் சிறுநீர் அடைத்தால் அவர் ஓடுவது வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான். அங்கே பணியில் இருப்பவருக்கு இந்த அறுவையைப் பற்றி எதுவும் தெரியாது. கத்தீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) போடுவதற்கு முன்னால் யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்றும் தெரியாது. அங்கே தங்களுக்கு எந்த வேலையும் இல்லாத ஊழியர்கள்கூட வந்து எட்டிப் பார்க்கிறார்கள் என்று ஒரு தம்பி என்னிடம் சொல்லி அழுதார். டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எந்த நேரமும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணை அச்சிட்டுக் கொடுத்தால் என்ன?

பொதுப் பணத்தில் இத்தனையும் செய்ய வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. புற்றுநோயால் மார்பகத்தை இழந்த ஒருவருக்கு மறுசீரமைப்பு செய்தால், பிசியோதெரபி, தழும்புப் பராமரிப்பு, மறுபரிசோதனை எல்லாவற்றையும் சேர்த்தேதான் திட்டமிடுகிறோம். பாதியில் விட்டு வீட்டுக்கு அனுப்புவதில்லை. அதே நியாயத்தைத்தான் கேட்கிறேன். பாதியில் விட்டால் தொற்றும் மறு அறுவையுமாக அவர்கள் எங்கள் வார்டுக்கே திரும்பி வருகிறார்கள். அந்தச் செலவும் பொதுப் பணம்தான்.

அடுத்த முறை உங்கள் செய்தியாளர் சுகாதாரத் துறை அதிகாரிகளைச் சந்திக்கும்போது, இத்தனை பேருக்கு அறுவை செய்தோம் என்ற எண்ணிக்கையோடு திரும்ப வேண்டாம். முடி நீக்கத்தை எந்தத் துறை செய்கிறது, மூன்றாம் மாதத்தில் அவர்களை யார் பரிசோதிக்கிறார்கள், காத்திருப்போர் பட்டியலில் தன் இடம் என்ன என்று ஒருவர் எங்கே போய்ப் பார்க்கலாம் என்று கேட்டு, கிடைக்கும் பதிலை அப்படியே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்
(பெயர் வெளியிட வேண்டாம்)