கழச என்றொரு கட்டளை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய கம்ப்யூட்டர் இதழ்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அவற்றில் இருந்ததெல்லாம் இன்று இணையத்திலேயே கிடைக்கிறது, எடைக்குப் போட்டதில் நஷ்டம் ஒன்றுமில்லை என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். கோவில்பட்டியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக டி.டி.பி. கடை (கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்து பக்கம் வடிவமைத்துத் தரும் கடை) நடத்துகிறவன் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

1999ல் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தேன். லேபில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம், ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், முதலில் உட்கார்ந்தவன் எழுந்திருக்க மாட்டானா என்று பார்த்துக்கொண்டே நேரம் போய்விடும். வீட்டில் கம்ப்யூட்டர் என்பது பேச்சுக்கே இடமில்லாத விஷயம். ஆகவே நான் கம்ப்யூட்டர் படித்தது பெரும்பாலும் பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையில் வாங்கிய இதழ்களில்தான். 'தமிழ் கம்ப்யூட்டர்' மாதம் இருமுறை வரும். தினமலரோடு வரும் கம்ப்யூட்டர் மலருக்காகத் திங்கள்கிழமை டீக்கடையில் காத்திருந்த காலமும் உண்டு. புரோகிராமைக் கோடு போட்ட நோட்டில் எழுதி, பக்கத்திலேயே அதில் வரும் மாறிகளுக்கு 'ஐ', 'ஜே' என்று இரண்டு கட்டம் போட்டு, வரிக்கு வரி மதிப்பை மாற்றி மாற்றி எழுதிப் பார்ப்பேன். விடை சரியாக வந்தால் ஓடியது என்று அர்த்தம். மின்சாரமே தேவைப்படாத கம்ப்யூட்டர் அது.

அந்த இதழ்களில் தமிழ்ச் சொற்கள் படும் பாடு தனிக் கூத்து. ஒரு பக்கத்தில் சுட்டி, அடுத்த பக்கத்தில் சொடுக்கி, விளம்பரத்தில் மவுஸ். மென்பொருளா மென்கலமா, கணினியா கணிப்பொறியா என்று வாசகர் கடிதப் பகுதியில் அடித்துக்கொள்வார்கள். இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டிருந்ததால்தான் 'கழச'விடம் மாட்டிக்கொண்டேன்.

ஒரு தமிழ் இதழில் (பெயர் வேண்டாம், அதை நடத்தியவர்கள் மேல் எனக்கு மரியாதைதான்) சி என்ற புரோகிராம் மொழியில் ஒரு பக்க நீளத்துக்கு ஒரு புரோகிராம் வந்திருந்தது. எல்லாம் ஆங்கிலத்தில் போய்க்கொண்டிருக்க, நடுவில் நான்கு வரி மட்டும் தமிழில் இருந்தது. முதல் வரியின் தொடக்கமே 'கழச'. மற்ற மூன்று வரிகளிலும் ஒற்றைக் கொம்பும் கொக்கியும் ஆளுக்கொரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தன. வரிக் கடைசியில் எந்த எழுத்தோடும் ஒட்டாமல் ஒரு புள்ளி. மவுஸையே சுட்டியாக்கியவர்கள் கட்டளையையும் தமிழாக்கிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். சுழற்சிக்கும் இதற்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்று நானே ஒரு விளக்கமும் கண்டுபிடித்து, நோட்டில் பயபக்தியோடு 'கழச' என்று எழுதிக்கொண்டேன். லேபில் சாரிடம் காட்டினால், "டேய், இது எந்த பாஷைடா?" என்றார்.

விடை கிடைத்த இடம் ஒரு டி.டி.பி. கடை. புராஜெக்ட் அட்டை அடிக்கப் போயிருந்தேன். தட்டச்சு செய்கிற அக்காவுக்கு எதிரே சுவரில், எந்த விசைக்கு எந்தத் தமிழ் எழுத்து என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. பாமினி எழுத்துருவுக்கான பட்டியல். எஃப் விசைக்கு க, ஓ விசைக்கு ழ, ஆர் விசைக்கு ச. அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் சி மொழியின் 'ஃபார்' கட்டளைதான் 'கழச' என்று வேஷம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது! இதழை வடிவமைத்தவர் அந்த நான்கு வரிக்கு மட்டும் எழுத்துருவை ஆங்கிலத்துக்கு மாற்ற மறந்துவிட்டார். சி மொழியில் கட்டளை முடிகிற இடத்தில் அரைப்புள்ளி வரும். பாமினியில் அந்த அரைப்புள்ளி விசையில் உட்கார்ந்திருப்பது மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளி. தொங்கிய புள்ளிக்கும் கணக்கு சரியாகிவிட்டது. அக்காவிடம் பென்சில் வாங்கி, அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து நான்கு வரியையும் பிரித்து எழுதினேன். அடுத்த லேபில் புரோகிராம் ஓடியது. அடுத்த இதழில், கடைசிப் பக்க மூலையில், 'பிழைக்கு வருந்துகிறோம்' என்று இரண்டு வரி வந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. அந்தக் கடையில்தான் அப்புறம் வேலைக்குச் சேர்ந்தேன்.

ஆங்கில இதழ்கள் எங்கள் கைக்கு வருவது சென்னைக்குப் போய்வரும் யார் மூலமாவதுதான். பிசி குவெஸ்ட், சிப் (இந்த சிப்தான் 2001ல் டிஜிட் ஆனது). அவற்றைப் படித்தோமோ இல்லையோ, கூட வந்த சிடிக்கு அடிதடி. பிசி குவெஸ்ட் லினக்ஸ் என்ற இயங்குதளத்தையே சிடியில் போட்டுக் கொடுத்தது. ஒரு சிடியில் 650 எம்.பி. தொலைபேசி வழி இணையத்துக்கான 56 கே மோடத்தில் முழு வேகம் கிடைத்தாலும் அதை இறக்க 27 மணி நேரம் ஆகும். முழு வேகத்தைக் கண்ணால் கண்டவர் எங்கள் ஊரில் யாரும் இல்லை. இதழ் விலைக்கு ஓர் இயங்குதளமே கிடைக்கிறது என்றால் சும்மாவா? கைமாறிக் கைமாறித் திரும்பி வரும்போது அந்த சிடியில் ரங்கோலி போட்டிருக்கும், அது வேறு கதை.

சரி, கட்டுரையாளர் சொன்னதற்கு வருகிறேன். அமெரிக்க இதழ்களைப் பொறுத்தவரை அவர் சொல்வதில் நியாயம் உண்டு. 1975 முதல் 1998 வரை வந்த பைட் இதழை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் புரட்டலாம். அதுவும் எப்படி அங்கே வந்தது? யாரோ எடைக்குப் போடாமல் வைத்திருந்த காகிதத்தை ஸ்கேன் செய்ததால். அந்த நாட்டில் மேக்சிமம் பிசியும் மேக்லைஃபும் 2023 ஏப்ரலோடு அச்சை நிறுத்திவிட்டன. ஆனாலும் தேடுகிறவனுக்குப் பழைய இதழாவது அகப்படுகிறது.

தமிழ் இதழ்களின் நிலைமை வேறு, அதை ஒரு டி.டி.பி. கடைக்காரனால்தான் சரியாகச் சொல்ல முடியும். எங்கள் தொழிலில் அன்று எல்லாமே பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள்தான். அதன் கடைசிப் பதிப்பு 7.0, 2001ல் வந்தது. எழுத்துருவோ கடைக்கு ஒன்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடி தமிழ்99 விசைப்பலகை, டாம், டாப் என்ற எழுத்துக் குறியீட்டு முறைகள் என்று ஒரு ஒழுங்கு கொண்டுவரப் பார்த்தார்கள். ஆனால் கையில் பழகிய எழுத்துருவை யார் விடுகிறார்கள்? நானே 2010 வரை பாமினியை விடவில்லை. அந்தக் காலத்தில் அடித்த கல்யாணப் பத்திரிகைக் கோப்பு ஒன்றைப் போன மாதம் பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தேன். மாப்பிள்ளை பெயர், மண்டபம், முகூர்த்த நேரம் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பை. அன்று ஆங்கிலம் 'கழச' ஆனது, இன்று தமிழ் அதே மாதிரி வேறு ஏதோ ஆகிக் கிடக்கிறது. அச்சடித்த பத்திரிகை மட்டும் அந்த வீட்டு ஆல்பத்தில் பளிச்சென்று இருக்கிறது. இதழ்களின் கோப்புகளுக்கும் இதே கதிதான் ஆகியிருக்கும். காகிதம்தான் மிச்சம். அதையும் எடைக்குப் போடச் சொன்னால் எப்படி?

1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் நூல்களும் இதழ்களும் போய்ச் சேர வேண்டிய நான்கு நூலகங்களில் சென்னை கன்னிமாராவும் ஒன்று. அங்கே போனவை பத்திரமாக இருக்கட்டும். ஆனால் கோவில்பட்டிப் பையன் படிக்க வேண்டுமானால் ஸ்கேன் செய்து பதிப்பாளர்களின் அனுமதியோடு வெளியிட வேண்டும். விளம்பரப் பக்கங்களை விட்டுவிடாமல் செய்ய வேண்டும். 32 எம்.பி. ராம், 4.3 ஜி.பி. ஹார்டு டிஸ்க் என்று சென்னை ரிச்சி தெருக் கம்ப்யூட்டர் கடைகள் விலையோடு போட்ட விளம்பரங்களை நான் கட்டுரைகளைவிட அதிகத் தடவை படித்திருக்கிறேன். உங்கள் இதழ் முன்வந்து கேட்டால் வாசகர்கள் பரணில் ஏறுவார்கள்.

என்னிடம் 71 இதழ்கள் இருக்கின்றன. இரண்டை எலி கடித்திருக்கிறது, மற்றவை நன்றாகவே உள்ளன. ஸ்கேன் செய்ய யார் கேட்டாலும் தருகிறேன், திருப்பித் தந்தால் போதும். 'கழச' வந்த இதழ் மட்டும் அதில் இல்லை. லேப் சார் படித்துவிட்டுத் தருவதாக வாங்கிப் போனார். வாசகர்கள் யாருக்காவது பழைய புத்தகக் கடையில் அகப்பட்டால் தெரிவிக்கவும். அந்த நான்கு வரிக்கு மேல் பென்சிலில் ஆங்கிலம் எழுதியிருக்கும்.

அன்புடன்,
டி.டி.பி. கடைக்காரர்,
கோவில்பட்டி