மேலே இருக்கும் அந்தப் பத்து வரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட் ரிவ்யூ நடக்கும் நேரம் இது. போன வாரம் என் அக்கா மகன் தன் புராஜெக்ட்டைக் கொண்டுவந்து காட்டினான். நன்றாகவே ஓடியது. ஆனால் கோடு (அதாவது நிரல்) இருக்கும் ஃபைல்களைத் திறந்து பார்த்தால் ஒவ்வொன்றின் உச்சியிலும் நாலைந்து காலி வரி. என்னடா இது என்றேன். "மேல காப்பிரைட், லைசென்ஸுன்னு நீளமா ஏதோ இருந்துச்சு மாமா, சார் பார்த்தா எங்கேயிருந்து எடுத்தேன்னு தெரிஞ்சிடும், அதான் தூக்கிட்டேன்" என்றான். கோடை எழுதியவர் யார், எந்த நிபந்தனையில் மற்றவர்கள் பயன்படுத்தலாம் என்று சொல்லும் வரிகள் அவை. அவன் கொடுத்த ரிப்போர்ட்டை, காப்பி அடித்திருக்கிறானா என்று கல்லூரியில் மென்பொருள் வைத்துச் சோதித்தார்களாம். நிரல் கோடை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

திட்டுவதற்கு வாய் வரவில்லை, ஏனென்றால் இதைவிடப் பெரிய கூத்தை நான் சம்பளம் வாங்கிக்கொண்டே செய்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சின்ன கம்பெனியில், எல்லா ஃபைலின் தலையிலும் நம் கம்பெனி பெயர் சாயங்காலத்துக்குள் வந்துவிட வேண்டும் என்று மேலாளர் சொன்னார். ஒரு ஸ்கிரிப்ட் (சின்ன நிரல்) எழுதினேன்: ஃபைலின் தொடக்கத்தில் கமென்ட் (கணினி ஓட்டாத, படிப்பவருக்கான குறிப்பு) இருந்தால் அதைத் தூக்கிவிட்டு, எங்கள் காப்பிரைட் வரியை ஒட்டு. ஆயிரத்துச் சொச்சம் ஃபைல். அரை நிமிடத்தில் முடிந்தது, டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் பாதி ஷெல் ஸ்கிரிப்டுகள் ஓடவில்லை. லினக்ஸில் அந்த மாதிரி ஃபைல்களின் முதல் வரிதான் அதை எந்த நிரல் ஓட்ட வேண்டும் என்று சொல்லும், அதுவும் # என்றுதான் தொடங்கும், என் ஸ்கிரிப்ட் அதையும் கமென்ட் என்று நினைத்து விழுங்கியிருந்தது. சரி, அதை அன்றைக்கே திருத்திவிட்டேன்.

திருத்தாமல் விட்ட தப்பு இரண்டு வருடம் கழித்து வெளியே வந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், இதில் உங்கள் கோடு எது, மற்றவர்களுடையது எது, எந்த லைசென்ஸில் எடுத்தீர்கள் என்று பட்டியல் கேட்டார். பார்த்தால் எல்லாமே எங்களுடையது என்று ஃபைல்கள் சொல்கின்றன! யார் யாரோ எழுதி எம்ஐடி லைசென்ஸில் கொடுத்த லைப்ரரிகளின் (ஆயத்த நிரல் தொகுப்புகளின்) மீதும் எங்கள் பெயர். எம்ஐடி லைசென்ஸ் மொத்தமே இருபது வரிதான் இருக்கும், இஷ்டத்துக்குப் பயன்படுத்து, விற்றுக்கொள் என்று எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, இந்தக் காப்பிரைட் வரியையும் அனுமதி வாசகத்தையும் மட்டும் கூடவே வைத்திரு என்று ஒரே ஒரு நிபந்தனை போடுகிறது. அந்த ஒன்றைத்தான் நான் மீறியிருந்தேன். கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கிட் என்ற கருவியில் பழைய வடிவம் இருந்ததால் பெரும்பாலானவற்றை மீட்டோம். எனக்கு முன்னால் இருந்தவர்கள் தலையில்லாமலேயே ஒட்டி வைத்திருந்த ஃபைல்களை வரி வரியாக இணையத்தில் தேட வேண்டியிருந்தது, இரண்டு பேருக்கு மூன்று வாரம் போனது. இரண்டு ஃபைலுக்கு உரிமையாளர் யார் என்று கடைசி வரை கிடைக்கவில்லை, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினோம்.

இணையத்தில் பொதுவில் கிடக்கும் கோடு ஓசி என்று நம் பிள்ளைகள் நம்புகிறார்கள். நம் 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தில் (பேடன்ட்டைச் சொல்லவில்லை, காப்பிரைட்டைச் சொல்கிறேன்) கணினி நிரலும் இலக்கியப் படைப்பு என்ற வகையில்தான் வருகிறது. எழுதிய கணத்திலேயே உரிமை வந்துவிடும், பதிவு செய்யத் தேவையில்லை, மேலே வரி போடவும் தேவையில்லை. ஆக, லைசென்ஸ் வரியே இல்லாத கோடுதான் ரொம்ப ஆபத்தானது, அதைத் தொட உங்களுக்கு யாரும் அனுமதி கொடுக்கவில்லை. போதாததற்கு 2012இல் சேர்த்த 65பி பிரிவு, உரிமையாளர் பெயர், பயன்படுத்தும் நிபந்தனை போன்ற தகவல்களை அதிகாரமில்லாமல் தெரிந்தே நீக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. கல்லூரிப் பையனை இதற்காக யாரும் உள்ளே தள்ளப் போவதில்லை, ஆனாலும் சட்டத்தில் இருக்கிறது என்பது ஆசிரியர்களுக்காவது தெரிய வேண்டாமா?

நீதிமன்றம் வரை போன கதையும் உண்டு, அதுவும் பொம்மை ரயிலுக்காக. அமெரிக்காவில் பெர்க்லியில் இயற்பியல் பேராசிரியரான ராபர்ட் ஜேக்கப்சன், மாடல் ரயில் பொழுதுபோக்குக்காரர்களோடு சேர்ந்து அந்த ரயில்களை இயக்கும் ஜேஎம்ஆர்ஐ என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டு வந்தார். அதே துறையில் மென்பொருள் விற்ற மேத்யூ கேட்சரின் நிறுவனம் அதிலிருந்து சில ஃபைல்களை எடுத்துக்கொண்டது. எழுதியவர் பெயர், காப்பிரைட் வரி, எங்கிருந்து எடுத்தது, என்ன மாற்றினார்கள் என்ற குறிப்பு எதுவும் இல்லாமல். இலவசமாகக் கொடுத்ததற்கு என்ன நஷ்டம் என்பதுபோல்தான் வாதம் போனது. 2008 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம், காசு வாங்காவிட்டாலும் நிபந்தனை நிபந்தனைதான், மீறினால் அது காப்பிரைட் மீறலாகவே ஆகலாம் என்று சொல்லிவிட்டது. 2010இல் கேட்சர் தரப்பு 1,00,000 டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு வழக்கு முடிந்தது.

பெரிய இடத்திலும் இந்தக் குப்பை சேரும் என்பதற்கு லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கர்னல் சாட்சி. 2017இல் சுமார் 60,000 ஃபைல்களைச் சலித்தபோது 11,000க்கும் மேற்பட்டவற்றில் லைசென்ஸ் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இருந்தவற்றிலும் ஜிபிஎல் என்ற ஒரே லைசென்ஸை ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்திருந்தார்கள், சிலவற்றில் அந்த லைசென்ஸை வெளியிட்ட ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் எப்போதோ காலி செய்துவிட்டுப் போன பாஸ்டன் முகவரிக்குக் கடிதம் எழுதச் சொல்லும் பத்தி வேறு. அதற்கெல்லாம் பதிலாக இப்போது, லைசென்ஸ் பெயரை எல்லோரும் ஒரே மாதிரி எழுதுவதற்கான எஸ்பிடிஎக்ஸ் முறைப்படி, 'எஸ்பிடிஎக்ஸ் லைசென்ஸ் ஐடென்டிஃபையர்: ஜிபிஎல் 2.0' என்பதுபோல ஒற்றை வரி முதல் வரியாக இருக்கிறது, ஸ்கிரிப்ட் என்றால் இரண்டாம் வரியாக (இதை அன்றைக்கே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்!). மனிதனும் படிக்கலாம், கருவியும் படிக்கலாம்.

நாங்கள் இப்போது அந்த ஒரு வரியையும் அதன் மேல் ஒரு காப்பிரைட் வரியையும்தான் போடுகிறோம். பிறர் கோடெல்லாம் தனி ஃபோல்டரில், அதற்குள் எந்த ஸ்கிரிப்டும் நுழையாது. வரி இல்லாத புது ஃபைல் வந்தால் கிட்டில் சேரும்போதே கருவி தடுத்துவிடும், ஆனால் அது தானாக எதையும் திருத்தாது. ஜனவரி பிறந்தால் எல்லா ஃபைலிலும் வருடத்தை மாற்றும் சடங்கையும் நிறுத்திவிட்டோம், இணையத்தில் தரவை அனுப்பிப் பெற உதவும் கர்ல் மென்பொருளே 2023இல் வருடத்தை மொத்தமாக எடுத்துவிட்டதே.

கல்லூரிகளிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ரிவ்யூ மதிப்பெண் தாளில் ஒரு வரிசை கூடுதலாகப் போடுங்கள்: இந்தக் கோடில் யார் யாருடையது எவ்வளவு, என்ன லைசென்ஸ். அடுத்தவர் கோடை எடுத்ததை ஒளிக்காமல் எழுதும் மாணவனுக்கு அதற்கே மதிப்பெண் கொடுங்கள். ஒளித்தால்தான் மதிப்பெண் என்று நாமே பழக்கியிருக்கிறோம், என் அக்கா மகன் வேறென்ன செய்வான்? அவனை உட்கார வைத்து ஒவ்வொரு ஃபைலாக அந்த வரிகளைத் திரும்பப் போட வைத்தேன். அடுத்த ரிவ்யூவில் சார் என்ன சொல்வாரோ என்று இன்னமும் பயந்துகொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
ஒரு மென்பொருள் ஊழியர்,
கோயம்புத்தூர்.