ஊஞ்சல் ஆன்ட்டியோடு போன இரண்டு நாள்

கண்ணம்மா,

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் போன் எடுக்கவில்லை என்று கவலைப்பட்டிருப்பாய். நான் வீட்டில் இல்லை. ஊஞ்சல் ஆன்ட்டியோடு வெளியூர் போயிருந்தேன். சனிக்கிழமை முழுக்கத் திராட்சைத் தோட்டமும் ஒயின் தயாரிக்கிற ஒயினரியும், ஞாயிற்றுக்கிழமை கடற்கரை. ஆமாம், ஒயினரிக்குத்தான் போனேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

அவள் மாதக்கணக்கில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். உனக்குத்தான் தெரியுமே, செடி கொடி என்றால் அவளுக்கு உயிர். "நீ எதையும் குடிக்க வேண்டாம், கூட வா போதும். கார் ஓட்டுவது நான், நானும் தொடப்போவதில்லை" என்றாள். சரி என்று கிளம்பிவிட்டேன்.

முதல் தோட்டத்தில் கொடி வரிசை ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு ரோஜாச் செடி நின்றது. அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். சாம்பல் நோய் வந்தால் ரோஜாவில் முதலில் தெரிந்துவிடும், கொடியை உடனே காப்பாற்றிவிடலாம் என்று முன்காலத்தில் தொடங்கிய பழக்கமாம். எங்களுக்குச் சுற்றிக் காட்டிய பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். ஒரு கறுப்புத் திராட்சையை விரலால் பிதுக்கிக் காட்டினாள். சாற்றில் நிறமே இல்லை! சிவப்பு ஒயினின் சிவப்பு தோலிலிருந்து வருகிறது. சாற்றைத் தோலோடு சேர்த்து நொதிக்க விட்டால் சிவப்பு ஒயின். பிழிந்த உடனே தோலை நீக்கிவிட்டால் கறுப்புத் திராட்சையிலிருந்துகூட வெள்ளை ஒயின் எடுக்கலாம். இத்தனை வருடம் திராட்சை வாங்கியிருக்கிறேன், ஒரு நாளும் இதைக் கவனித்ததில்லை.

பீப்பாய் அறையில்தான் அதிக நேரம் நின்றேன். மங்கலான வெளிச்சம், குளிர்ச்சி, ஈர மரத்தின் வாசனை. ஒரு பீப்பாய் 225 லிட்டர், அதாவது 300 பாட்டில். ஓக் மரத்தின் வழியாக உள்ளே இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்குமாம். குறைந்த இடத்தில் காற்று புகுந்தால் ஒயின் கெட்டுவிடும். அதனால் ஒருவர் விடாமல் வந்து பார்த்து, குறைந்த அளவை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஒயின் என்றால் என் மனதில் ஒரே ஒரு படம்தான் இருந்தது. அதில் இந்த வேலையும் இல்லை, இந்த மனிதர்களும் இல்லை.

அப்புறம் ஒரு மேஜையில் உட்கார வைத்தார்கள். அந்தப் பெண் கேபர்னே சாவிஞோன் என்ற வகையைப் பற்றிச் சொன்னாள். உலகமெல்லாம் பயிரிடுகிற திராட்சை அது. கேபர்னே ஃபிராங் என்ற கறுப்புத் திராட்சையும் சாவிஞோன் பிளாங் என்ற வெள்ளைத் திராட்சையும் கலந்து பிறந்த பிள்ளை என்று 1997-ல்தான் கலிபோர்னியாவில் டிஎன்ஏவைப் பார்த்து உறுதி செய்தார்களாம். "பெயரிலேயே இரண்டு பேரும் இருந்திருக்கிறார்களே" என்று ஆன்ட்டி ஆச்சரியப்பட்டாள்.

அந்தத் திராட்சையில் செய்த ஒயினில் ஒரு மிடறு குடித்தேன். நாக்கு வறண்டு போனது. கடுந்தேநீர் குடித்தால் வாய் துவர்க்குமே, அதே போல. இரண்டிலும் இருப்பது டானின் என்ற துவர்ப்புப் பொருள்தான் என்றாள் அந்தப் பெண். எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது மிடற்றைப் பக்கத்தில் வைத்திருந்த வாளியில் துப்பிவிட்டேன். அங்கே அது தவறில்லை, ருசி பார்க்க வருகிறவர்கள் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

அந்த ஒரு மிடறுக்குப் பிறகு என்னால் அங்கே உட்கார முடியவில்லை, கண்ணம்மா. அப்போது உனக்கு இருபது வயது. சிநேகிதியின் பிறந்தநாளுக்குப் போய்விட்டு வந்து, "அம்மா, நான் ஒரு கிளாஸ் ஒயின் குடித்தேன்" என்று நீயாகவே சொன்னாய். யாரும் உன்னைக் கேட்கவில்லை. நான் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மூன்று வாரம் உன்னோடு பேசாமல் இருந்தேன். சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவேன். நீ குடித்ததற்காகத்தான் அந்தத் தண்டனை என்று அப்போது நினைத்தேன். உண்மையில் நீ என்னிடம் மறைக்காமல் சொன்னதற்கு அல்லவா அது தண்டனையாகிவிட்டது.

மறுநாள் கடற்கரையில் ஆன்ட்டி தண்ணீரில் இறங்க ஆசைப்பட்டாள். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையே இல்லாமல், கொஞ்சம் கருத்து, அமைதியாக இருந்தது. "அங்கேதான் பயமில்லை, வா" என்று என் கையைப் பிடித்தாள். உயிர்காப்பாளர் விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்தார். அதுதான் ரிப் கரண்ட். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்பிப் போகிறது, நல்ல நீச்சல்காரரையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அதில் மாட்டினால் கரையைப் பார்த்து நீந்திப் போராடக் கூடாது. களைத்துத்தான் மூழ்கிப்போகிறார்கள். மிதந்தபடி கையைத் தூக்கி உதவி கேட்க வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாக நீந்தி இழுப்பிலிருந்து விலக வேண்டும். நீயும் இதை நினைவில் வைத்துக்கொள்.

நாங்கள் மணலிலேயே உட்கார்ந்துவிட்டோம். அந்த அமைதியான பட்டையை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று வாரமும் நம் வீடு அப்படித்தான் இருந்தது. சத்தமில்லை, சண்டையில்லை. நீ என்னைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகு உன் வேலை, உன் காய்ச்சல், நீ வீடு மாறியது, எல்லாமே முடிந்த பிறகுதான் எனக்குச் செய்தியாக வந்தது.

எல்லாவற்றையும் ஆன்ட்டியிடம் சொல்லி அழுதேன். அவள் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. பக்கத்திலேயே இருந்தாள்.

நான் செய்தது தப்பு. என்னை மன்னித்துவிடு, கண்ணம்மா. நீ குடிப்பது எனக்குப் பிடிக்காது, அது இன்றும் மாறவில்லை. ஆனால் பேசாமல் இருந்திருக்கக் கூடாது.

கிளம்பும்போது அந்தக் கேபர்னேயில் ஒரு பாட்டில் வாங்கினேன். கார்க் காயக் கூடாதாம், அதனால் உன் அறை அலமாரியில், வெயில் படாத கீழ்த்தட்டில் படுக்க வைத்திருக்கிறேன். இப்போது உனக்கு ஒயின் பிடிக்குமா, பிடிக்காதா என்றுகூட எனக்குத் தெரியாது. வரும்போது நீயே சொல்.

அம்மா