கண்டுபிடித்தவர் ஒரு பிளம்பர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரச் சிறுவர் பக்கத்தில் மீன் தின்னும் டைனோசர் பற்றி வந்த கட்டுரையை என் மகள் சத்தமாகப் படித்தாள். படம் நன்றாக இருந்தது. ஆனால் ‘லண்டன் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தனர்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. பாரியோனிக்ஸ் என்ற அந்த டைனோசரைக் கண்டுபிடித்தவர் விஞ்ஞானி இல்லை, ஒரு பிளம்பர். வில்லியம் வாக்கர் என்று பெயர். நானும் இருபது வருடமாகக் கோத்தகிரியில் அதே வேலைதான் பார்க்கிறேன், அதனால் சும்மா விட மனசில்லை.

1983 ஜனவரியில், இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் ஓக்லி ஊருக்குப் பக்கத்துக் களிமண் பள்ளத்தில் புதைபடிவம் தேடிப் போன மனிதர் ஒரு கல்லுக்குள் பெரிய நகத்தைப் பார்த்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் நுனியைக் காணோம். சில வாரம் கழித்து அதே இடத்துக்குப் போய் ஒரு மணி நேரம் தேடி அந்த நுனியையும் எடுத்து வந்திருக்கிறார். ஒரு வாஷர் குறைந்தாலும் பையைக் கட்டாத ஆளுக்குத்தான் இது வரும். வளைவோடு அளந்தால் 31 சென்டிமீட்டர் நகம்! அவருடைய மருமகன் அதை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் கொண்டுபோய்க் கொடுத்த அப்புறம்தான் விஞ்ஞானிகளே வருகிறார்கள். 1986ல் ஆலன் சாரிக், ஏஞ்சலா மில்னர் என்ற அந்த விஞ்ஞானிகள் இரண்டு பேரும் பெயர் வைத்தபோது ‘பாரியோனிக்ஸ் வாக்கெரி’ என்று அவரையும் சேர்த்துத்தான் வைத்தார்கள். நீங்கள் மட்டும் விட்டுவிட்டீர்கள்.

இன்னொன்று. ‘மீனைத் தவிர வேறெதையும் தொடாது’ என்று எழுதியிருப்பதும் சரியில்லை. அதன் விலா எலும்புகளுக்கு நடுவே வயிற்று அமிலத்தில் அரிபட்ட மீன் செதில்கள் கிடைத்தன, உண்மைதான். கூடவே இகுவானோடான் வகைக் குட்டி ஒன்றின் எலும்புகளும் கிடைத்தன, அது தழை தின்னும் டைனோசர். வேட்டையாடியதோ, செத்துக் கிடந்ததைத் தின்றதோ, உள்ளே போயிருக்கிறது. வாய் என்னவோ மீனுக்கென்றே செய்த மாதிரிதான்: முதலைக்கு இருப்பதுபோல் நீண்டு ஒடுங்கிய மூஞ்சி, கீழ்த்தாடையில் பக்கத்துக்கு 32 கூம்புப் பற்கள், வழுக்குகிற பைப்பைக் கவ்வும் ரிஞ்ச் மாதிரி. அதற்காக வேறு எதையும் கவ்வாது என்று ஆகிவிடுமா? தெங்குமரஹாடாவுக்குப் பரிசலில் மாயாற்றைத் தாண்டிப் போகிற யாரையாவது கேளுங்கள், முதலைக்கு அன்றாடச் சாப்பாடு மீன், ஆனால் தண்ணீர் குடிக்க வந்த புள்ளிமானை அது விட்டுவைக்காது.

எங்கள் மலையில் இப்படி ஒரு நகம் கிடைக்காது. பைப் புதைக்க நான் பள்ளம் தோண்டாத தெரு இல்லை, கடப்பாரைதான் மழுங்குகிறது. எல்லாம் சார்னோகைட் பாறை, டைனோசருக்கு எத்தனையோ கோடி வருடம் முந்தியது. தேட வேண்டுமானால் அரியலூர்ப் பக்கம்தான் போக வேண்டும்.

அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். வாக்கர் பெயரோடு, தொழிலையும் சேர்த்து.

ஒரு பிளம்பர்,
கோத்தகிரி