சபைக் கணக்கில் மூன்றாவது பத்தி

ஆசிரியருக்கு வணக்கம்.

திருச்சபைகள் பிறருக்காக இருக்கின்றனவா, தங்களுக்காகவா என்ற கேள்விக்குப் பிரசங்கத்தில் விடை தேட வேண்டாம். ஆண்டுக் கூட்டத்தில் வாசிக்கும் வரவு செலவு அறிக்கையில் அது இருக்கிறது. வாசிக்கிற வேகத்தில் காதில் விழாது, அவ்வளவுதான்.

அறிக்கையை வீட்டுக்கு எடுத்துவந்து ஒரு தாளில் செலவுகளை மூன்று பத்தியாகப் பக்கம் பக்கமாகப் பிரித்து எழுதுங்கள். ஆலயப் பராமரிப்பு, சம்பளம், மின்கட்டணம், ஒலிபெருக்கி, கன்வென்ஷன் பந்தல் எல்லாம் முதல் பத்தி. பல சபைகளை நிர்வகிக்கும் மேலமைப்பான திருமண்டலத்துக்குக் கட்டும் பங்கு இரண்டாவது. சபைப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது மட்டும் மூன்றாவது. சபை போடும் பொது விருந்தான அசனத்தை எதில் சேர்ப்பது என்று தகராறு வரும். ஊரே பந்தியில் உட்கார்ந்தால் மூன்றாவது. சந்தா கட்டியவருக்கு மட்டும் சீட்டு என்றால் முதலாவதுதான்.

மூன்றாவது பத்தி எங்கே கரைகிறது? கைப்பிடி அரிசியைப் பாருங்கள். உலை வைக்கும்போது ஏழைகளுக்கென்று எடுத்துவைத்துச் சபைக்குக் கொடுக்கும் ஒரு பிடி, சுமார் 50 கிராம். நாளுக்கு இருமுறை என்றால் வீட்டுக்கு மாதம் 3 கிலோ. 200 வீட்டுச் சபையில் 600 கிலோ. அரிசியாகவே கொடுத்தால் 30 குடும்பங்களுக்குத் தலா 20 கிலோ. ஏலம் விட்டுப் பணமாக்கி, அதையும் பொதுக் காணிக்கையோடு கலந்துவிட்டால் அடுத்த மாதம் அதுவே ஒலிபெருக்கித் தவணையாகிவிடும். யாரும் திருடவில்லை, தனிக் கணக்கு இல்லை, அதுதான் கோளாறு.

ஏழைகள் நிதியில் 'கட்டடக் கமிட்டிக்குக் கைமாற்று' என்றொரு வரி இருந்தால், முந்தைய ஆண்டு அறிக்கைகளிலும் அதைத் தேடுங்கள். கோபுரம் முடிந்தால் பிரதிஷ்டைச் செலவு, அது முடிந்தால் சுற்றுச்சுவர். கைமாற்று திரும்ப நேரமேது?

கட்டணத்தில் நடக்கும் பள்ளியைச் சேவைக் கணக்கில் காட்டுவதும் சரியல்ல. தள்ளுபடி செய்த கட்டணம் மட்டுமே மூன்றாவது பத்திக்கு உரியது. பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் 1890-களில் மிஷனரிப் பெண்கள் கல்வி தொடங்கியது வருமானத்தைப் பார்த்து அல்ல.

'தணிக்கை முடிந்துவிட்டதே' என்பார்கள். வருமானவரி விலக்குப் பெற்ற அறநிலையம் ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டைத் தன் நோக்கங்களுக்குச் செலவிட வேண்டும் என்பது பொது விதி. மத நோக்கமும் அதில் அடக்கம். கோபுரத்துக்கும் கஞ்சிக்கும் தணிக்கைச் சான்றிதழ் வேறுபாடு பார்ப்பதில்லை.

ஆகவே, ஆண்டுக் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் தீர்மானம் கொடுங்கள்: ஏழைகள் நிதிக்குத் தனி வங்கிக் கணக்கு, கையெழுத்திடும் இருவரில் ஒருவர் கட்டடக் கமிட்டிக்கு வெளியிலிருந்து, கைமாற்றுக்குத் தடை, கைப்பிடி அரிசி அரிசியாகவே வெளியே போகட்டும்.

சபைக் கணக்குத் தணிக்கையாளர்,
பாளையங்கோட்டை.