பங்குனி உத்திர அன்னதானத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

மியான்மரின் யாங்கோனில் (பழைய ரங்கூன்) எங்கள் முருகன் கோயில் பங்குனி உத்திர அன்னதானம் நல்லபடியாக நடந்தது. நன்கொடை தந்தவர்களின் பெயர்கள் பலகையில் ஏறிவிட்டன, ஒலிபெருக்கியிலும் சொல்லியாயிற்று. சமையற்கட்டைப் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் வேறு சிலர்.

வடை மெத்தென்று இருந்தது என்று எல்லாரும் சமையல்காரரைப் பாராட்டினார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் பாதிப் பெருமை புது உளுந்துக்கு. யாங்கோனுக்கு வடகிழக்கே, பெகு ஊர்ப் பக்கம் நெல் அறுத்த வயலில், மண்ணில் மிஞ்சிய ஈரத்தை நம்பி உளுந்து விதைக்கிறார்கள். மாசி வாக்கில் செடியைப் பிடுங்கிக் காயவைத்து அடிக்கிறார்கள். உடனே விற்றால்தான் கடன் அடையும். விலையோ இந்தியாவைப் பார்த்துத்தான் ஏறும், இறங்கும். 2017 ஆகஸ்டில் இந்தியா பருப்பு இறக்குமதிக்கு உச்சவரம்பு வைத்தது, இங்கே விலை சரிந்தது. அப்புறம் 2021-இல், ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்தும் 1 லட்சம் டன் துவரையும் ஐந்தாண்டுகளுக்கு வாங்கிக்கொள்ள உடன்பாடு வந்தது. சென்னையில் இட்லி சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கதை எட்டுவதில்லை.

எங்களுக்கு உளுந்து தந்த அக்கா பெகு பக்கத்துத் தமிழ்க் கிராமத்துக்காரர். பாயிண்ட்நவுங் மொத்தச் சந்தையில் அன்று என்ன விலையோ, அதையே கொடுத்தோம். 'கோயிலுக்குத்தானே, குறைத்துக் கொடு' என்று விவசாயியிடம் கேட்பது எனக்கு ஒப்பாது. தானம் அவருடையது, பெயர் மட்டும் நம்முடையது என்றாகிவிடும். நம் முன்னோர் இந்த ஐராவதி டெல்டாவில் கூலிக்கு நெல் அறுத்தார்கள். வட்டிக்குக் கொடுத்தவர்களும் நம்மவர்கள்தான். கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் வசம் இருந்தது. நெல் விலை விழுந்து, கடனுக்கு நிலம் போய், 1938-க்குள் அது 25 சதவீதமானது. இந்த ஊரில் பேரம் பேசுகிறவர்கள் இதையும் கொஞ்சம் நினைக்கலாம். இவ்வளவுக்கும், அந்த அக்கா தாமாகவே ஒரு மூட்டை துவரையைச் சும்மா தந்தார். அவர் பெயரையும் பலகையில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

மாவு அரைக்கும் நேரம் பார்த்து மின்சாரம் போனது. பக்கத்துத் தெரு டீக்கடை பாய் தம்முடைய ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். டீசல் காசையும் வாங்கவில்லை. பாய், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

சந்தையில் மூட்டை ஏற்றிய பர்மியத் தம்பிகளுக்கும், வெங்காயம் உரித்து, அண்டா தேய்த்து, எச்சில் இலை எடுத்த பெண்களுக்கும் நன்றி. 'கோயில் வேலைக்குக் கூலியா?' என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். சேவை செய்ய வந்தவர்கள் தனி, அவர்களுக்குக் கும்பிடு. பிழைப்புக்கு வந்தவர்களைச் சேவை என்று சொல்லிக் குறைத்துக் கொடுத்தால், அது சேவையின் பெயரில் செய்யும் திருட்டு. அப்படியே சொன்னேன், கொஞ்சம் கோபமாகத்தான். பொருளாளர் மறுபேச்சுப் பேசாமல் அன்று மாலையே வெளிக்கூலியைக் கையில் கொடுத்துவிட்டார். பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் அவர்கள், காத்திருக்க முடியாது. பொருளாளருக்குத் தனி நன்றி.

பிக்குகள் நண்பகலுக்குப் பின் உண்பதில்லை. அதனால் முதல் அண்டாச் சோறு பக்கத்து மடத்துக்குப் போக வேண்டியிருந்தது. நெரிசலிலும் வண்டியை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த ஓட்டுநர் தம்பிக்கு நன்றி.

கடைசியாக ஒன்று. வடை எடுக்கும் பெரிய ஜல்லிக் கரண்டியைக் காணோம். யார் வீட்டுக்காவது பாத்திரங்களோடு போயிருந்தால் சமையற்கட்டில் கொடுத்துவிடுங்கள், அதற்கும் சேர்த்து நன்றி.

இப்படிக்கு,
சமையற்கட்டுப் பொறுப்பாளர்