பள்ளிச் சுவரை ஒட்டி ஓர் ஈரநிலப் பாத்தி

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். மேற்குச் சுற்றுச்சுவரை ஒட்டிப் பள்ளம் தோண்டுவதைப் பார்த்துவிட்டுப் பலர் விசாரித்தீர்கள். சாலையிலிருந்து வரும் மழைநீரை வடிகட்ட அங்கே ஒரு செயற்கை ஈரநிலம், அதாவது ஜல்லி நிரப்பிச் செடி நட்ட பாத்தி, அமைக்கிறோம். வடகிழக்குப் பருவமழைக்குள் வேலை முடிந்துவிடும்.

ஐப்பசி மழையில் சாலைத் தண்ணீர் நம் வாசல் வழியாக உள்ளே வந்து, பின்பக்க வாய்க்காலில் இறங்கி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகிறது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்க்கப்பட்ட இடம் அது. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த சாலையில் முதல் மழை விழுந்ததும் தண்ணீர் கறுத்து ஓடும், மேலே எண்ணெய்ப் படலம் மினுங்கும். தேய்ந்த டயரின் துகள், அதிலுள்ள துத்தநாகம், பிரேக்கிலிருந்து உதிரும் செம்பு எல்லாம் அதில் இருக்கின்றன.

அதைக் கிணற்றில் விட்டுவிடலாமே என்று ஒரு தந்தை கேட்டார். மொட்டைமாடி நீரை அப்படித்தான் விடுகிறோம். ஆனால் மாடி நீர் வேறு, சாலை நீர் வேறு. சாலை நீரை வடிகட்டாமல் இறக்கினால் நாம் குடிக்கும் நிலத்தடி நீரே கெட்டுவிடும்.

தண்ணீர் முதலில் மூடி போட்ட தொட்டியில் தேங்கி மண்ணை இறக்கிவிடும். துத்தநாகமும் செம்பும் பெரும்பாலும் அந்த மண்துகளில் ஒட்டிக்கொண்டுதான் வருகின்றன. அப்புறம் ஜல்லிப் பாத்திக்குள் மெதுவாக நகரும். பாத்தியில் சம்பு என்னும் கோரை போன்ற நீர்ச்செடியும் கல்வாழையும் இருக்கும். சில வாரங்களில் ஜல்லியிலும் வேரிலும் வழுவழுப்பாக ஒரு படலம் படியும். அதிலுள்ள நுண்ணுயிர்கள் எண்ணெயைச் சிதைக்கும். உலோகம் அப்படிச் சிதையாது, வண்டலிலேயே தங்கும். அதனால் தொட்டி வண்டலைத் தோட்டத்துக்கு உரமாகப் போட மாட்டோம். பிள்ளைகள் அதைத் தொடவும் கூடாது.

கொட்டும் மழை முழுவதையும் பாத்தி தாங்காது. மிஞ்சுவது பழைய வாய்க்காலிலேயே போகும். அழுக்கு மிகுந்த முதல் தண்ணீரைப் பிடித்துவிட்டாலே பெரிய காரியம் என்று நினைக்கிறேன்.

கொசு வருமா என்ற கவலை நியாயமானது. டெங்கு பார்த்த ஊர் இது. தண்ணீர் ஜல்லியின் மேல்மட்டத்துக்கு ஒரு சாண் கீழேதான் ஓடும். வெளியே தேங்காததால் கொசு முட்டையிட இடமில்லை. தொட்டி மூடியின் இடுக்குகளிலும் வலை கட்டுகிறோம். கோடையில் செடி வாடாமல் இருக்க, மதியம் பிள்ளைகள் கை கழுவும் தண்ணீரைப் பாத்திக்குத் திருப்பிவிடுவோம்.

உங்களிடம் இரண்டு உதவி வேண்டும். வீட்டில் கல்வாழை இருந்தால் கிழங்கோடு ஒரு கன்று பிரித்து, திங்கட்கிழமை பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். வேன் ஓட்டுநர்களிடம், பள்ளிச் சாலையில் வண்டி கழுவவோ ஆயில் மாற்றவோ வேண்டாம் என்று நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்